செவ்வாய்க்குச் செவ்வாய் எட்டு

போன மாதம் என் பழைய அலுவலகத்திலிருந்து தொலைபேசி வந்தது. என்னிடம் குமாஸ்தாவாகச் சேர்ந்து, இப்போது கண்காணிப்பாளர் நாற்காலியில் இருப்பவர் பேசினார்.

"சார், மேலேருந்து மெயில் வந்துருக்கு. நெக்ஸ்ட் ஃப்ரைடே மீட்டிங்னு போட்டுருக்காங்க. இன்னிக்குப் புதன். நாளன்னிக்கு வர்ற வெள்ளியா, அதுக்கடுத்த வெள்ளியா?"

"அனுப்புனவங்களைக் கேளுங்க."

"கேட்டேன் சார். 'யெஸ், நெக்ஸ்ட் ஃப்ரைடே'ன்னு பதில் வந்துருக்கு."

எனக்கு ரத்தக் கொதிப்பு உண்டு. மருத்துவர் கோபப்படக் கூடாது என்று சொல்லியிருக்கிறார். அவர் அரசாங்கக் கடிதம் எதுவும் படித்ததில்லை போலிருக்கிறது. ஒரு தேதியை எண்ணில் எழுத எவ்வளவு மை செலவாகும்? இப்போது மைகூடக் கிடையாது.

"நீங்கதான் தேதி சாராச்சே, புதுசா வந்துருக்கவங்களுக்கு ஒரு பக்கம் எழுதிக் குடுங்களேன்" என்றார் அவர். எனக்கு அப்படி ஒரு பட்டப்பெயர் இருந்தது ஓய்வு பெற்று இத்தனை வருஷம் கழித்துத்தான் எனக்கே தெரிந்தது. விதி ஒரு வரிதான்: வரவிருக்கும் நாளைப் பற்றி எழுதினால் கிழமை, தேதி, மாதம், மணி, காலையா மாலையா என்ற ஐந்தும் இருக்க வேண்டும். அந்த விதி எனக்கு எப்படி வந்தது என்பதற்குத்தான் பக்கங்கள் வேண்டும். இத்தனை நாள் யாரிடமும் சொன்னதில்லை. சொல்லிவிடுகிறேன்.

கும்பகோணத்தில் பி.ஏ. முடித்து, தட்டச்சு உயர்நிலை தேறி, எழுபதுகளின் நடுவில் காரைக்காலில் ஓர் அரசு அலுவலகத்தில் சேர்ந்தேன். எந்த இலாகா என்பது வேண்டாம். கல்லூரியில் எனக்கு இங்கிலீஷ் இலக்கணத்தில் பரிசு கொடுத்திருந்தார்கள். அந்தப் பரிசு என் தலையில் ஏறி உட்கார்ந்துகொண்டது, வருஷக்கணக்கில் இறங்கவே இல்லை.

வந்த மனுக்களைப் படித்தால் அழுகை வரும். 'ஐ ஆம் கம் டு ஆபீஸ்' என்பதுபோல இருக்கும் ஒன்று. 'வில் பி கமிங் டுமாரோ மார்னிங் இட்செல்ஃப்' என்று இன்னொன்று, அதில் தேதியே இருக்காது, எந்த நாளின் நாளை என்று நாம் கண்டுபிடிக்க வேண்டும். ஊர்ப் பேச்சு அதற்கு மேல். டீக்கடையில் காலை நீட்டி உட்கார்ந்திருப்பவர், "இந்தா வந்துட்டேங்க" என்பார். கிளம்பவே இல்லை, வந்துவிட்டாராம்! எதிர்காலத்தை இறந்தகாலத்தில் சொல்லும் ஜனங்களுக்கு 'ஷல்'லும் 'வில்'லும் எப்படிப் பிடிபடும் என்று நான் பல்லைக் கடித்துக்கொள்வேன். எங்கள் கடைநிலை ஊழியர் காசிம் பாய் ஒருவர் மட்டும் வேறு மாதிரி. "நாளைக்கு ஒம்போது மணிக்கு வந்துருவீங்களா பாய்?" என்றால் "இன்ஷா அல்லா, சார்" என்பார். இது என்ன பதில் என்று எனக்கு எரிச்சலாக இருக்கும். ஆனால் சொன்ன நேரத்துக்கு வந்து நின்றது அந்த அலுவலகத்தில் அவர் ஒருவர்தான்.

எங்கள் தலைமை எழுத்தர் பெயர் சூசைநாதன். ஊரே அவரை 'முசியே', அதாவது பிரெஞ்சில் ஐயா, என்றுதான் கூப்பிட்டது. பிரெஞ்சுக்காரர் காலத்தில் பிரெஞ்சில் படித்து, பிரெஞ்சில் கோப்பு எழுதிப் பழகியவர். ஆட்சி மாறியதும், நாற்பது வயதுக்கு மேல், திடீரென்று எல்லாம் இங்கிலீஷ் என்றார்கள். மனிதர் சளைக்காமல் கற்றுக்கொண்டார். ஆனாலும் ஏழு என்ற எண்ணுக்கு இடுப்பில் ஒரு கோடு போடுவதை விடவில்லை. மத்தியானம் மூன்று மணியைப் 'பதினைந்து மணி' என்றுதான் எழுதுவார். வரைவுகளை முதலில் பழைய உறையின் பின்பக்கம் பிரெஞ்சில் எழுதி, பிறகு இங்கிலீஷாக்குவார். அந்த இங்கிலீஷைத் தட்டச்சு செய்யும்போது என் விரல்கள் கூசும்.

அவர் குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. ஒரு கேள்வியை இரண்டாம் தடவை கேட்கவும் மாட்டார். பதில் சரியில்லை என்றால் மூக்குக்கண்ணாடிக்கு மேலாகக் கொஞ்ச நேரம் பார்ப்பார், பிறகு தன் வேலைக்குத் திரும்பிவிடுவார். அந்தப் பார்வைக்கு வசவே தேவலை.

ஒரு கடிதம் வெளியே போக அவரிடம் ஒரு முறை இருந்தது. நான் தட்டச்சு செய்ததை அவர் மேசையில் வைக்க வேண்டும். வரைவை அவர் கையில் வைத்துக்கொண்டு, "மொதல்ல நாளு, அப்புறம் ஆளு, அப்புறம் விஷயம்" என்பார். நான் கடிதத்தில் உள்ள நாளை உரக்கப் படிக்க வேண்டும். காசிம் பாய் சுவரில் தொங்கும் நாள்காட்டியைப் பார்த்து ஆமாம் என்று சொல்ல வேண்டும். அதன் பிறகுதான் முகவரி, அதன் பிறகுதான் வாசகம். வாசகம் அவருக்குக் கடைசிதான். எனக்கோ வாசகம்தான் உயிர்.

ஒரு நாள் பொறுக்க முடியாமல், "பதினைந்து மணின்னா ஜனங்களுக்குப் புரியாதுங்க, மூணு பி.எம்.னு போட்டுரவா?" என்றேன். யோசித்துவிட்டு, "போடு" என்றார். பிறகு சொன்னார்: "தம்பி, என் வரியைத் திருத்தணும்னா திருத்து. எம் முன்னாடி திருத்து. நான் இல்லாதப்பத் திருத்தாதே."

இதில் புரியாமல் போக என்ன இருக்கிறது? எனக்குப் புரிந்தது. இருந்தும் செய்தேன்.

தையல் ஆசிரியை வேலை ஒன்று காலியாயிற்று. ஒரே ஓர் இடம். ஒன்பது பெண்களை நேர்முகத்துக்கு அழைக்க வேண்டும். தேர்வுக்குழு பாண்டியிலிருந்து வரும். குழுவோடு நாள் பேசியது, கடிதம் போட்டது எல்லாம் முசியேதான். அன்று பன்னிரண்டாம் தேதி, செவ்வாய்க்கிழமை. வேறு வேலையாக அவர் பதினொரு மணி பஸ்ஸில் பாண்டிக்குக் கிளம்ப வேண்டும், குழுவோடுதான் திரும்புவார். அவசரமாக வரைவைக் கொடுத்தார். அதில் இப்படி ஒரு வரி: விண்ணப்பதாரர் 'இன் எயிட் டேஸ்' காலை பத்து மணிக்கு நேரில் வர வேண்டும்.

எட்டு நாளில்! ஒரு அழைப்புக் கடிதத்தில் தேதி இல்லை, 'எட்டு நாளில்'! எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. ஆனால் அவர் முன்னால் வாயைத் திறக்கவில்லை. அவர் பையை மடியில் வைத்துக்கொண்டு கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். கார்பன் வைத்தால் ஒரு தடவைக்கு நான்கு பிரதிதான் தெளிவாக வரும். இரண்டு தடவை அடித்தேன், எட்டுக் கடிதம் ஆயிற்று. பெயர் எழுதி எட்டிலும் கையெழுத்துப் போட்டார். ஒன்பதாவது பாக்கி. பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது.

"அந்த ஒண்ணை நீயே அடிச்சு, எனக்காகன்னு போட்டுக் கையெழுத்து வச்சு அனுப்பிரு" என்று சொல்லிவிட்டுப் போனார்.

பட்டியலில் கடைசிப் பெயர் வேதவல்லி, சுரக்குடி. அறை காலியாக இருந்தது. இந்த ஒரு கடிதமாவது மனிதர் படிக்கும்படி போகட்டும் என்று நினைத்தேன். 'இன் எயிட் டேஸ்' என்பதை எடுத்தேன். பன்னிரண்டோடு எட்டைக் கூட்டினேன். 'ஆன் வெட்னஸ்டே, தி ட்வென்டியெத், அட் டென் ஏ.எம்.' என்று அழகாக அடித்தேன். நாளுக்கு ஆன், மணிக்கு அட், இரண்டும் அதனதன் இடத்தில். என் பெயரின் முதல் எழுத்துகளைப் போட்டேன். நாளைச் சரிபார்க்க முசியே இல்லை. காசிம் பாயைக் கூப்பிட்டு நாள்காட்டியைப் பார்க்கச் சொன்னேன். "இருவது புதன்தாங்க" என்றார். ஆமாம், இருபது புதன்தான். அதில் என்ன சந்தேகம்?

இந்த ஊரில் ஒரு குழந்தையைக் கேட்டாலும் 'செவ்வாய்க்குச் செவ்வாய் எட்டு' என்று சொல்லும். இன்றைக்கு ஒன்று என்று தொடங்கி எண்ணுவதுதான் நம் வழக்கம். எட்டாம் நாள் என்றால் அடுத்த வாரம் இதே கிழமை. முசியே படித்த பிரெஞ்சிலும் அப்படியே, எட்டு நாள் என்றால் ஒரு வாரம், பதினைந்து நாள் என்றால் இரண்டு வாரம். என் வீட்டில் விசேஷத்துக்கு நாள் பார்த்தால் நானும் இப்படித்தான் எண்ணுவேன். ஆனால் இங்கிலீஷ் என்று வந்தவுடன் என் புத்தி கோட்டு மாட்டிக்கொண்டது. முதல் நாளைச் சேர்க்கக் கூடாது என்று எங்கோ படித்ததைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு, வீட்டில் தெரிந்ததை வாசலிலேயே விட்டுவிட்டேன்.

அடுத்த திங்கட்கிழமை, சாயங்காலம் நான்கு மணி. காசிம் பாய் நாற்காலிகளைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"என்ன பாய், இன்னிக்கே?"

"நாளைக்குக் காலையில பெரியவங்கள்லாம் வராங்களே சார். முசியே போகும்போதே சொல்லிட்டுப் போனாரு. எட்டு நாள்னு."

எனக்கு உடனே விஷயம் புரிந்தது. இதில் எனக்கு எந்தச் சாக்கும் இல்லை என்பதை எழுதித்தான் ஆக வேண்டும். திங்கள் நான்கு மணிக்கே எனக்குத் தெரியும். என்னிடம் சைக்கிள் இருந்தது. திருநள்ளாறு வழியாகச் சுரக்குடிக்கு ஒரு மணி நேரம்கூட ஆகாது. போய், "அம்மா, தேதி தப்பு, நாளைக்கு வாங்க" என்று ஒரு வார்த்தை சொன்னால் முடிந்தது.

போகவில்லை. போனால் முசியேவுக்குத் தெரியும். அவர் இல்லாதபோது அவர் வரியில் கை வைத்தது தெரியும். அந்தப் பார்வையை நினைத்தேன். அம்பகரத்தூரிலிருந்து ஒரு பெண்ணுக்கும் கடிதம் போயிருக்கிறது, பக்கத்து ஊர்தானே, இரண்டு பேரும் பேசிக்கொண்டிருப்பார்கள், எப்படியாவது தெரிந்திருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு வீட்டுக்குப் போனேன்.

செவ்வாய் காலை பத்து மணிக்கு எட்டுப் பெண்கள் வந்திருந்தார்கள். தேதியே இல்லாத, நான் தலையில் அடித்துக்கொண்ட அந்தக் கடிதத்தைப் படித்து எட்டுப் பேரும் சரியான நாளில் வந்து நின்றார்கள். காசிம் பாய் மூன்று தடவை வேதவல்லி பெயரைக் கூப்பிட்டார். முசியே தலையைத் தூக்கி, "கடுதாசி போச்சா?" என்றார்.

"போச்சுங்க."

அவ்வளவுதான் கேட்டார். குழு ஒரு மணிக்குச் சாப்பிட்டுவிட்டுக் காரில் ஏறியது. முசியேவும் அவர்களை வழியனுப்ப எல்லைவரை போனார், மறுநாள் அவருக்கு விடுப்பு.

புதன்கிழமை காலை ஒன்பதே கால் மணிக்கு வேதவல்லி வந்தார். என்னைவிட இரண்டு மூன்று வயது கூட இருக்கும். கஞ்சி போட்டுத் தேய்த்த சேலை, கையில் துணிப்பை. அதில் மாதிரிக்கென்று தைத்த குழந்தைச் சட்டையும் ரவிக்கையும் இருந்தன. நான் கேட்காமலே எடுத்து மேசையில் வைத்தார்.

"பத்து மணின்னு போட்டுருந்துச்சுங்க. கொஞ்சம் முன்னாடியே வந்துட்டேன். ஒக்காரலாங்களா?"

"நேத்தே முடிஞ்சிருச்சும்மா" என்றேன்.

அவர் கடிதத்தைப் பிரித்து என் முன்னால் வைத்தார். "இதுல இன்னிக்குத்தானே போட்டுருக்கு? எங்க ஊரு வாத்தியாரு படிச்சுச் சொன்னாருங்க."

"ஏதோ கொழப்பம் ஆயிருக்கு. ஒரு மனு குடுங்க. மேல அனுப்புறோம்."

"எனக்கு வர்ற வருஷம் ஆனியோட முப்பது முடியுதுங்க. அதுக்கு மேல கூப்பிட மாட்டாங்களாம். இதுதான் கடைசி. பாத்துச் செய்யுங்க சார்."

அந்த மனுவை நானேதான் இங்கிலீஷில் எழுதினேன். உதவி செய்கிறேனாம்! என் இலக்கணத் திறமை முழுவதையும் அதில் கொட்டினேன். 'தேதி குறித்து ஏற்பட்ட ஒரு தவறான புரிதலின் காரணமாக' என்று ஒரு வரி. யாருடைய தவறு, யாருக்கு ஏற்பட்டது, எதுவும் அதில் கிடையாது. அவருக்கு வந்த கடிதத்தை மனுவோடு சேர்க்கவும் இல்லை, மடித்து அவரிடமே கொடுத்துவிட்டேன். அவர் இங்கிலீஷ் தெரியாமல், நம்பிக் கையெழுத்துப் போட்டு, பெற்றுக்கொண்டதாக நான் ஓரத்தில் என் முதல் எழுத்துகளைப் போடுவதையும் பார்த்துவிட்டுப் போனார். இதை எழுதும்போது இப்போதும் எனக்கு என் கையைப் பிடிக்கவில்லை.

மறுநாள் முசியே மனுவைப் படித்தார். "அந்தப் பொண்ணுக்குப் போன கடுதாசியைப் பாத்தியா?"

"பாத்தேங்க."

கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். நான் தட்டச்சு இயந்திரத்தில் காகிதத்தைச் செருகினேன். அவர் மனுவில் கையெழுத்துப் போட்டு மேலே அனுப்பினார்.

மூன்று வாரத்தில் பதில் வந்தது. அதே கடிதத்தைப் பெற்ற மற்ற எட்டுப் பேரும் உரிய நாளில் வந்திருக்கிறார்கள், ஆகவே தவறு விண்ணப்பதாரருடையதே, எனினும் மனு 'வில் பி கன்சிடர்ட் இன் டியூ கோர்ஸ்' என்று. எதிர்காலத்தைச் சொல்ல இங்கிலீஷில் எத்தனை வழி உண்டு என்று நான் பாடமே எடுப்பேன். எதிர்காலமே இல்லை என்பதை மரியாதையாகச் சொல்லும் வழி இது ஒன்றுதான்.

வேதவல்லி வந்தபோது அந்த வரியைப் படித்துக் காட்டித் தமிழில் சொன்னேன்: "உரிய காலத்துல பரிசீலிப்பாங்களாம்."

"அது என்னைக்குங்க?"

"தகவல் வரும்" என்றேன். அவர் தலையாட்டிவிட்டுப் போனார். அடுத்த மாதம் முதல் திங்கட்கிழமை வந்தார். நேரே என் மேசைக்கு வந்து, "டியூ கோர்ஸ் வந்துருச்சாங்க?" என்றார். அந்த இரண்டு சொல்லையும் மனப்பாடம் செய்து வைத்திருந்தார். அதற்கடுத்த மாதமும் வந்தார். கோபமோ அழுகையோ கிடையாது, குறை சொல்லவும் மாட்டார். கேட்பார், பதிலைக் கேட்டுக்கொள்வார், கொஞ்ச நேரம் நிற்பார், போய்விடுவார். அந்தக் கொஞ்ச நேரம் நிற்பதுதான் எனக்கு எரிச்சலாக வரும். இந்தம்மா எதற்கு என் உயிரை வாங்குகிறார், தலைமை எழுத்தர் அதோ உட்கார்ந்திருக்கிறாரே, அவரிடம் போய்க் கேட்கக் கூடாதா என்று பொருமுவேன். திருடனுக்குத்தான் கோபம் அதிகம் வரும்.

நடுவில் முசியே ஓய்வு பெற்றார். கடைசி நாள் மாலையைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு என்னிடம் வந்தார். "எட்டு நாள்னு எழுதுனா செவ்வாய்க்குச் செவ்வாய்னு ஊருக்கே தெரியும். சுரக்குடிப் பொண்ணுக்கு மட்டும் ஏன் தெரியாமப் போச்சு?" என்றார். அவர் எதையாவது இரண்டாம் தடவை கேட்டது அப்போதுதான். நான் அவர் பையை வாங்கிக்கொண்டு வாசல்வரை நடந்தேன். அவரும் பதிலுக்கு நிற்கவில்லை.

மறு வருஷம் ஆடி மாதம் வேதவல்லி வந்தார். முதல் திங்கள் அல்ல, ஏதோ ஒரு வியாழன்.

"வயசு முடிஞ்சிருச்சுங்க. இனிமே வர மாட்டேன். சொல்லிட்டுப் போகலாம்னு வந்தேன்."

அப்போதுதான் எனக்கு வாய் திறந்தது. முசியே இல்லை, வேலை வேறு ஒருவருக்குப் போய் ஒரு வருஷத்துக்கு மேலாகிவிட்டது, சொல்வதால் எனக்கு இனி எதுவும் ஆகாது. அந்தத் தைரியத்தில்தான் சொன்னேன்.

"உங்க கடுதாசியில தேதியைப் போட்டது நாந்தாம்மா. மத்தவங்களுதுல அது கிடையாது. தப்பு என்னோடது."

அவர் ஆச்சரியப்படவில்லை.

"தெரியுங்களே. அந்த வாரமே தெரியும். அம்பகரத்தூருப் பொண்ணுக்கு வந்த கடுதாசியை வாங்கி எங்க வாத்தியாருகிட்டக் காட்டுனேன். அதுல எட்டு நாள்னு இருந்துச்சு, கையெழுத்தும் வேற. மனு எழுதுறப்ப நீங்க போட்ட கையெழுத்தைப் பாத்துருக்கேன்ல."

"தெரிஞ்சுமா சும்மா இருந்தீங்க? முசியேகிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே!" குற்றவாளி நான், குரல் உயர்ந்தது எனக்கு.

"சொன்னா உங்க வேலை போயிரும்னு எங்கப்பா சொன்னாருங்க. புதுசா வந்த புள்ளை, அதுவே சொல்லிரும், கொஞ்சம் பொறுன்னாரு. அதுக்குத்தான் மாசாமாசம் உங்க மேசைக்கே வந்து நின்னேன். நீங்க மொத மாசம் சொல்லியிருந்தாக்கூட என்னை மறுபடி கூப்பிட்டுருப்பாங்கள்ல?"

ஆமாம், கூப்பிட்டிருப்பார்கள். அதை அவரிடம் சொன்னேன்.